மோட்டார் வண்டியின் நாடி பார்த்த வரலாறு

‘ஸ்கேன் போட்டுப் பார்த்தாயிற்றா?’ என்பது இன்று மோட்டார்ப் பட்டறைகளில் முதலில் எழும் கேள்வி. மருத்துவமனையில் வழங்கும் அச்சொல் பட்டறைக்கும் வந்து குடியேறிவிட்டது. சொல் வந்தபோது அதனுடன் ஒரு தவறான எண்ணமும் வந்தது. மருத்துவமனைக் கருவி உடலை ஊடுருவி உள்ளிருப்பதைப் படமாகக் காட்டுவது போலப் பட்டறைக் கருவியும் எஞ்சினை ஊடுருவிப் பார்த்து, உடைந்த உறுப்பு இதுவென்று காட்டிவிடும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மை அஃதன்று. கையடக்கமான அக்கருவி எதையும் பார்ப்பதில்லை, கேட்கிறது. வண்டிக்குள் இருக்கும் சிறு கணிப்பொறியிடம் வினாக்களை விடுத்து, அது தரும் விடைகளைத் திரையில் எழுதிக் காட்டுகிறது. அவ்வளவே. ‘ஸ்கேனர்’ என்பதற்கு ‘வருடி’ என்று தமிழில் ஒரு சொல் ஆக்கியுள்ளனர். தாளின் மேல் ஒளியை ஓட்டிப் படியெடுக்கும் பொறிக்கு அது பொருந்தும். பட்டறைக் கருவி எதையும் வருடுவதில்லை. ‘வினவி’ என்று பெயரிட்டிருந்தால் கருவியின் வேலையும் விளங்கியிருக்கும்; அதன் எல்லையும் விளங்கியிருக்கும்.

இக்கருவியின் வரலாறு பொறிநுட்பத்தார்க்கு மட்டும் உரியதன்று. சிலாங்கூர் மாநிலத்து டெங்கில் போன்ற ஊர்களில் அது பலருடைய பிழைப்போடு பின்னிய வரலாறு. லங்காட் ஆற்றின் கரையிலுள்ள இவ்வூரைச் சுற்றி முன்பு இரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. முதல் உலகப் போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் வீரர்கள் 1921-இல் திறந்த பிராங் புசார் தோட்டம் அவற்றுள் பெயர்பெற்றது, ‘பி.பி. 86’ என்னும் இரப்பர் இனம் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கியே உலகெங்கும் பரவியது. 1990-களில் அந்நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்தது. பிராங் புசார், காலோவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பால்மரத்தை விட்டவர்களின் பிள்ளைகளுக்கு லாரி ஓட்டுதலும், விமான நிலைய வேலையும், மோட்டார்ப் பட்டறையும் வாழ்வளித்தன. பள்ளிச் சான்று இல்லாதவனையும் பட்டறை ஏற்றுக்கொண்டது. கையும் காதும் சரியாக இருந்தால் அங்கே போதும். அந்நிலையைத்தான் ‘வினவும்’ கருவி மாற்றியது.

காதே கருவியாக இருந்த காலம்

பழைய காடிக்குக் கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, மின்கலம், டிஸ்டிரிபியூட்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவையே உயிர்நிலைகள். இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. எஞ்சின் தட்டுத் தடுமாறி ஓடினால் பட்டறைக்காரர் ஓடும் எஞ்சினிலேயே ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் மாறி மாறிக் கழற்றுவார். நல்ல சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் எஞ்சினின் ஓட்டம் இன்னும் தளரும். எந்தக் கம்பியைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் காணவில்லையோ அந்தச் சிலிண்டர் முன்பே செத்துக் கிடக்கிறது என்பது முடிவு. திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் ஊன்றிப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால், தேய்ந்த பேரிங்கின் உறுமலும், வால்வின் தட்டலும் தனித்தனியே தெரியும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது இன்னொரு முறை. முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. கைபிடித்து நாடி பார்க்கும் சித்த வைத்தியரின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகவில்லை.

இவ்வறிவு நூலில் இருந்து வந்ததன்று; பிரித்துப் பூட்டிப் பழகியதால் வந்தது. கோவை ஜி. டி. நாயுடு இதற்கு நல்ல சான்று. இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து அதை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார் என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர் அவர். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அவரே 1945-இல் கோவையில் தொழிற்கல்வி நிலையங்களைத் தோற்றுவிக்கவும் காரணமானார். பிரித்துப் பார்த்து அறியும் இம்மரபு மலாயாத் தோட்டங்களின் லாரிக் கொட்டகைகளிலும் இருந்தது. ‘போர்மன்’ சொல்லக் கேட்டும், அவர் கையைப் பார்த்தும் இளைஞர்கள் கற்றனர். எழுத்து வேண்டியிருக்கவில்லை.

புகையிலிருந்து பிறந்த கருவி

வண்டிக்குள் கணிப்பொறி எதற்காக வந்தது? பட்டறைக்காரரின் வேலையை எளிதாக்குவதற்காக என்று எண்ணுவோர் உளர். அன்று. அதன் பிறப்பிடம் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நச்சுப் புகை.

1943 ஜூலையில் அந்நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகை மூடியது. போர்க்காலம் ஆகையால் ஜப்பானியர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்றுகூட மக்கள் அஞ்சினர். புகை ஆண்டுதோறும் திரும்பி வந்தது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் டச்சு வேதியியலார் அப்போது அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். காற்றில் மிதக்கும் நுண்ணிய ஆவிகளைப் பிடித்துப் பகுக்கும் அதே முறையால் நகரத்துப் புகையையும் பகுத்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் கக்கும் ஆவிகள் வெயிலில் வினைப்பட்டு ஓசோனாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் நிலைநாட்டினார். மோட்டார்த் தொழிலார் முதலில் இதை ஏற்கவில்லை. ஆனால் 1967-இல் கலிபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியத்தை அமைத்தது. அதன் முதல் தலைவராக வந்தவரும் ஹாகன்-ஸ்மிட்தான். அன்னாசி மணத்தை ஆராய்ந்தவரின் கை, இன்று டெங்கிலில் நிற்கும் காடியின் திசைத் திருப்பிக்கு அடியிலுள்ள செருகுவாய் வரை நீண்டிருக்கிறது.

புகையைக் குறைக்கச் சட்டம் வந்ததும் கார்புரேட்டர் திணறியது. பெட்ரோல் ஒரு பங்கு எடைக்குக் காற்று 14.7 பங்கு எடை என்பது சரியான கலவை. புகைக்குழாயில் பூட்டிய வினையூக்கிக் கலம் நச்சுவாயுக்களை முறிக்க வேண்டுமானால், எஞ்சின் இந்த அளவை ஒட்டியே ஓட வேண்டும். மலையேறும்போதும், நெரிசலில் நிற்கும்போதும், காலைக் குளிரிலும் இவ்வளவைக் காப்பது வெறும் துளையும் மிதவையும் கொண்ட கார்புரேட்டரால் இயலாது. ஆகவே, பெட்ரோலை மின்சாரத்தால் அளந்து பீச்சும் முறை பரவியது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் இத்தகைய அமைப்பொன்றை வோல்க்ஸ்வாகன் வண்டியில் வெளியிட்டிருந்தது. 1976-இல் அதே நிறுவனம் உருவாக்கிய பிராணவாயு உணரி, ஸ்வீடன் நாட்டு வோல்வோ வண்டியில் பொருத்தப்பட்டது. புகைக்குழாயில் அமர்ந்து, கலவை மிஞ்சியதா குறைந்ததா என்று நொடிதோறும் சொல்லும் ஒற்றன் அது. அவன் சொல்லைக் கேட்டு நடக்க ஒரு மூளை வேண்டுமல்லவா? அவ்விடத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்தது.

சிமிட்டும் விளக்கு

உணரிகளில் ஒன்று கெட்டால் எஞ்சின் ஓடும்; புகையோ பெருகும். ஓட்டுநர்க்கு இது தெரியாது. ஆகவே, கெட்டதைக் கணிப்பொறியே கண்டறிந்து சொல்ல வேண்டும் என்னும் தேவை எழுந்தது. 1971-இல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் வண்டிகளில் ஒரு மையச் செருகுவாயை அமைத்து, பட்டறையில் நிறுத்திய பெரிய பொறியோடு அதை இணைத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே அறிவு பட்டறைப் பொறியில் இருந்தது. வண்டிக்கு நினைவாற்றல் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் தொடக்கத்தில் செய்ததுதான் உண்மையான திருப்பம். பிழை நேர்ந்ததை வண்டியே நினைவில் வைத்து, விளக்கைச் சிமிட்டி எண்ணாகச் சொன்னது.

கலிபோர்னியா 1988 முதல் விற்கும் வண்டிகளில் இத்தகைய தன்சோதனை கட்டாயம் என்று விதித்தது. ஆனால் சொல்லும் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. டொயோட்டா வண்டியில் சிறு பெட்டியின் மூடியைத் திறந்து இரு துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் விளக்கு சிமிட்டும். இரண்டு சிமிட்டல், இடைவெளி, மீண்டும் இரண்டு என்றால் 22, அதாவது நீரின் வெப்பம் அறியும் உணரியில் பழுது. மிட்சுபிஷி எஞ்சின்களில் முள் வோல்ட்மீட்டரை மாட்டி முள்ளின் ஆட்டத்தை எண்ண வேண்டும். நீண்ட ஆட்டம் பத்து, குறு ஆட்டம் ஒன்று. அதே உணரிக்கு அங்கே எண் 21.

மலேசியாவுக்கு இது எப்போது வந்தது? ஷா ஆலமில் 1985 ஜூலை 9-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகளே. பெட்ரோல் எஞ்சின்களின் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1996-இல் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் பிறந்தன. 2000-இல் வந்த வாஜா, 2005-இல் வந்த மைவி ஆகியவை முழுதும் மின்னணுவால் ஆளப்பட்டவை. ஆக, பட்டறைக்காரர்க்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய பத்தாண்டுகளே. ஒரு பக்கம் பழைய சாகாவின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டே, மறுபக்கம் புது மொழி ஒன்றை அவர் கற்க வேண்டியிருந்தது. இதே சிப்பாங் மாவட்டத்தில்தான் 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. ஓடும் வண்டியின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறியாளர்கள் வானொலி அலைவழியே நொடிக்கு நொடி அங்கே படித்தனர். அதே நாள்களில், சில கல் தொலைவில் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோரும் இருந்தனர்.

பதினாறு துளைகள்

நிறுவனத்துக்கு ஒரு மொழி என்னும் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்கா 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவச் செருகுவாயையும் ஒரே பொது எண்முறையையும் விதித்தது. ‘ஓ.பி.டி. இரண்டு’ எனப்படுவது இதுவே. 16 துளைகள் கொண்ட செருகுவாய், ஓட்டுநர் இருக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பா 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு இதையொத்த விதியை ஏற்றது. இந்தியாவில் 2010-இலும் 2013-இலும் இரு கட்டங்களாக வந்தது.

பிழை எண்ணில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். எழுத்து, பழுது எஞ்சின் பகுதியிலா, உடற்பகுதியிலா, சக்கரப் பகுதியிலா, உறுப்புகளின் உரையாடலிலா என்று காட்டும். ஆங்கிலத்தில் எஞ்சினுக்கும் உடலுக்கும் வெவ்வேறு எழுத்துகள். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’ ஆகிவிடும்! தமிழில் கையேடு எழுத முனைவோர் முதலில் இடறும் கல் இதுதான். ‘எஞ்சின் 0301’, ‘உடல் 1000’ என்று எழுதுவதே தகும்.

முதல் சிலிண்டர் எரியத் தவறுகிறது என்பதற்கு 0301 எண். இதைக் கணிப்பொறி அறியும் வழி சுவையானது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து தண்டை உந்தும். தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்கள் கடக்கும் நேரத்தை ஓர் உணரி அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த அரைச் சுற்று மட்டும் இம்மியளவு தாமதமாகும். ஓட்டம் தளர்வதைக் கொண்டு செத்த சிலிண்டரை அறியும் இம்முறை, பிளக் கம்பியைக் கழற்றிப் பார்த்த பழைய பட்டறைக்காரரின் முறையேயன்றி வேறில்லை. அவர் காதால் கேட்டதைப் பொறி நேரமாக அளக்கிறது. அவரை ஏமாற்றாத ஒன்று பொறியை ஏமாற்றுவதும் உண்டு. குண்டும் குழியுமான செம்மண் பாதையில் சக்கரம் குலுங்கும்போது தண்டின் சுழற்சியும் குலுங்கும்; அதை எரிதவறலாகக் கணிப்பொறி கொள்ளக்கூடும். ஆதலால், பாதை கரடானது என்று கண்டால் இச்சோதனையை நிறுத்திவைக்கும்படி பல வண்டிகளுக்குக் கற்பித்துள்ளனர்.

எண் சொல்லாதது

எண்ணைக் கண்டவுடன் உறுப்பை மாற்றுவதே இன்று பட்டறைகளில் மலிந்த பிழை. தேர்வில் 40 மதிப்பெண் பெற்ற மாணவனின் தாளைப் பார்த்து, அவனுக்குக் கணக்கு வரவில்லை எனலாம். கண் சரியாகத் தெரியாமல் பலகையைத் தவறாகப் படித்தானா, வாய்பாடு தெரியாதா, முதல் நாள் பட்டினியா என்பதை மதிப்பெண் சொல்லாது. பிழை எண்ணும் அத்தகையதே.

0171 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பது அதன் பொருள். இதைச் சொன்னது பிராணவாயு உணரி. சொன்னவன்மேலேயே குற்றம் சாற்றி, அவ்வுணரியைக் கழற்றி எறிந்து விலையுயர்ந்த புதியதை மாட்டுவோர் பலர். இரண்டு நாளில் விளக்கு மீண்டும் எரியும். உண்மைக் காரணம் வெப்பத்தில் காய்ந்து வெடித்த ஓர் இரப்பர்க் குழாயாக இருக்கலாம். அதன் விலை சில வெள்ளிதான். அளவில்லாக் காற்று அவ்வெடிப்பின் வழியே உள்ளே புகுகிறது. இதனை அறியக் கருவியிலேயே வழியுண்டு. கணிப்பொறி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டிக் கொடுக்கிறது என்ற கணக்கைத் திரையில் காணலாம். எஞ்சின் நின்றபடி ஓடும்போது அக்கணக்கு மிக உயர்ந்தும், வேகம் கூட்டியதும் தணிந்தும் காணப்பட்டால், வெடித்த குழாயை ஐயுறலாம். ஏனெனில் வேகத்தில் புகும் பெருங்காற்றுக்கு முன் அக்கசிவு சிறிதாகிவிடும். மாறாக, வேகத்தில் உயர்ந்தால் பெட்ரோல் பம்பின் வலுக்குறைவை ஐயுற வேண்டும். இரண்டுக்கும் எண் ஒன்றே, நோயோ வேறு.

இன்னொரு காட்சி. நண்பகல் வெயிலில் வியர்த்து நிற்பவரின் கையிலுள்ள கருவி, எஞ்சின் நீரின் வெப்பம் சுழியத்துக்குக் கீழே 40 பாகை என்று காட்டும்! நீரின் வெப்பத்தை அறியும் உணரியின் மின்தடை, குளிர்ந்தால் கூடும், சூடேறினால் குறையும். கம்பி அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிறது. கணிப்பொறி அதைக் கடுங்குளிர் என்று கொள்கிறது. கருவி பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறது. டெங்கிலில் பனி பெய்யாது என்று அறிந்த மனிதர்தான் கம்பியைத் தேட வேண்டும்.

2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய பெருவெள்ளம் டெங்கில் வட்டாரத்தையும் விட்டுவைக்கவில்லை. எண்களை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைவிட நல்ல பாடம் வேறில்லை. இருக்கைக்கு அடியிலும் கால்விரிப்பின் கீழும் ஓடும் கம்பிக் கொத்துகளின் இணைப்புகளில் நீர் புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒரே ஒரு தரைக்கம்பி அரித்துப்போனாலும், அதை நம்பியுள்ள பல உறுப்புகள் ஒருங்கே பேச்சை நிறுத்திவிடும். கருவியை மாட்டினால் பத்து, இருபது எண்கள் வரிசையாக வந்து நிற்கும். எண்ணுக்கு ஓர் உறுப்பு என்று மாற்றினால் வண்டியின் விலையைச் செலவு மிஞ்சும்.

பழைய வண்டி வாங்குவோர்க்கும் இதில் கேடு உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எண்கள் அழிந்து விளக்கு அணையும். வண்டி நலமானதாகத் தோன்றும். ஆனால் அழித்த செயலே ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. வண்டி தனக்குத்தானே செய்யும் சோதனைகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்ற பட்டியலும் அப்போது அழிகிறது. அவை மீண்டும் நிறைவுறப் பல நாள் ஓட்டம் வேண்டும். நாள்தோறும் ஓடுகிறது என்று சொல்லப்படும் வண்டியில் சோதனைகள் முடியாமல் கிடந்தால், அண்மையில் யாரோ நினைவை அழித்துள்ளனர் என்று ஐயுறலாம். மாதத் தவணைக்குப் பழைய மைவியோ சாகாவோ வாங்கும் குடும்பத்துக்கு இவ்வொரு செய்தி பல நூறு வெள்ளியைக் காக்கும்.

யார் கையில் சாவி

தொடக்கத்தில் இக்கருவிகளின் விலை சிறு பட்டறைக்கு எட்டாதது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ‘327’ என்னும் சில்லு அந்நிலையை உடைத்தது. வண்டியின் மொழிகளை மொழிபெயர்க்கும் அச்சில்லைப் பலரும் படியெடுத்து மலிவாகச் செய்து குவித்தனர். இன்று கைப்பேசியும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருளும் இருந்தால் எவரும் பொது எண்களைப் படிக்கலாம். மூலச் சில்லைச் செய்த நிறுவனமோ 2022-இல் கடையை மூடிவிட்டது.

ஆயின், பொது எண்களுக்கு அப்பால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய மறை எண்கள் உள்ளன. புதிய உறுப்பைப் பூட்டினால் அதைக் கணிப்பொறிக்கு ‘அறிமுகம்’ செய்து வைக்க வேண்டும். அதற்குரிய சாவி நிறுவனத்தாரின் பட்டறையில் மட்டும் இருந்தால் தெருவோரப் பட்டறை என்ன செய்யும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் இவ்வினா வாக்கெடுப்புக்கே சென்றது. பழுதுபார்க்கும் செய்திகளை வெளியாருக்கும் தர வேண்டும் என்று மக்கள் பெருவாரியாக வாக்களித்தனர். ஐரோப்பிய ஒன்றியமும் 2007-இல் இதனை விதியாக்கியது. பின்னரும் சில நிறுவனங்கள் செருகுவாய்க்கும் கணிப்பொறிக்கும் இடையே மின்பூட்டை வைத்தன. திருடரைத் தடுக்க என்பது அவர்கள் தரும் காரணம். அது முழுப் பொய்யன்று. ஆனால் பூட்டு, திருடனையும் பட்டறைக்காரரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது.

மலேசியாவில் சிறு பட்டறைக்காரர்க்கு முன் இரண்டாவதாக ஒரு பூட்டும் உண்டு. அது தாளில் உள்ளது. வேலை தெரிந்தும் சான்று இல்லாதோர் பெரிய நிறுவனங்களுக்குள் நுழைய முடிவதில்லை. 1989-இல் அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் 2006-இல் திறன் மேம்பாட்டுத் துறையாயிற்று. அத்துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சி நிலையத்தில் பயின்று பெறலாம். முன்பே பெற்ற பட்டறிவைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்டியும் பெறலாம். இரண்டாவது வழியைப் பற்றிப் பலர் அறியார். இருபது ஆண்டு காதால் கேட்டுக் கற்றவர், தாம் செய்த வேலைகளைப் படங்களோடும் எழுத்தோடும் கோவையாக்கி, மதிப்பீட்டாளர் முன் விளக்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்க அஞ்சாத கைகள் பேனாவை எடுக்க அஞ்சுவது அங்கேதான். அக்கோவையை எழுதிக் கொடுக்க ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதைத் தந்தால், அவ்வஞ்சுதல் பாதி குறையும்.